நண்பகலைப் பிடித்து வைத்த டீச்சர்

எங்கள் மாநிலத்தின் நண்பகலை ஓலாஃப்டன் ஊர் ஆர்லிஸ் பெர்க்லண்ட் டீச்சர் தன் கைப்பைக்குள் போட்டு, பித்தளைக் கொக்கியை மாட்டி, மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். அதுவரைக்கும் தெற்கே சோளக்காட்டிலிருந்து வடக்கே கடைசி ஏரி வரை ஒரு மனிதப் பிறவிக்கும் மதியம் ஆகவில்லை.

இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் மாநிலத்தில் தினமும் மதியம் ஆகிவிடுகிறது, பாவம். உள்ளூரில் நம்பாதவர் ஒரே ஒருவர்தான். ஹார்லன் லிண்ட்வால், பள்ளிக்கூடக் குழுவின் தலைவர். மழையில் தொப்பலாக நனைந்த பிறகும், மேலே யாராவது வாளியோடு நிற்கிறார்களா என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மழை என்று ஒப்புக்கொள்வார்.

விஷயம் ஆமையாற்றுப் பாலத்தில் தொடங்கியது. பள்ளிக்கூடம் இக்கரையில், பிள்ளைகளில் பாதிப் பேர் அக்கரையில். நடுவில் நம் முன்னோர் கட்டிய இரும்புப் பாலம். ஒரு நாள் மாநில நெடுஞ்சாலைத் துறையினர் வந்து, பாலத்தின் இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறப் பீப்பாய்களை வைத்து, ‘மூடப்பட்டது’ என்று பலகை மாட்டிவிட்டுப் போனார்கள். பாலத்தை அப்புறம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பீப்பாய்களுக்கு மட்டும் வருஷந்தோறும் வந்து புது வண்ணம் பூசினார்கள்.

அன்றிலிருந்து பள்ளிப் பேருந்து ஏரியைச் சுற்றி, அடுத்த கவுண்டிக்குள், அதாவது அடுத்த மாவட்டத்துக்குள், தலையை விட்டு எடுத்துக்கொண்டு வந்தது. ஹார்லனின் பேத்தி மாரிட் பாலர் வகுப்புக்காரி. அவள் பேருந்தில் ஏறும்போது நட்சத்திரம் இருக்கும். வகுப்பில் நாள் முழுக்கத் தூங்குவாள். வீடு திரும்பும்போதும் நட்சத்திரம் இருக்கும். சூரியன் என்பது படப்புத்தகத்தில் வரும் மஞ்சள் பந்து என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அக்கரைப் பெற்றோர் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை வேறு ஊருக்கு மாற்ற ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்த கல்வித் துறை, அடுத்த வருஷம் பள்ளி திறப்பதற்குள் பாலத்துக்கு வழி பிறக்காவிட்டால் ஓலாஃப்டன் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிவிடுவதாக அன்போடு தெரிவித்தது.

ஆர்லிஸ் டீச்சர் பாடம் நடத்தியது பக்கத்து ஊரில். சொந்த ஊரில் அவர் குழு உறுப்பினர். சம்பளம் வாங்குகிற பள்ளிக்குத் தானே எஜமானியாகக் கூடாது என்பது சட்டம். குழு மாதந்தோறும் பள்ளி நூலகத்தில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலிகளில், முழங்கால் மோவாயைத் தொட அமர்ந்து ஆலோசித்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் பள்ளிக் கால்பந்துக் குழுவின் சின்னமான கரடி வாயைத் திறந்திருப்பதா, மூடியிருப்பதா என்று விவாதித்து, பாதி திறந்திருக்கலாம் என்று வசந்தத்தில் முடிவெடுத்தார்கள். அந்தச் சோர்வில் யாரும் எழுந்து போக முடியாமல் இருந்தபோதுதான் பாலம் பேச்சுக்கு வந்தது.

“கவுண்டிக்கு எழுதினோமே, என்ன சொன்னாங்க?” என்று கேட்டார் ஆர்லிஸ்.

“பாலம் மாநிலத்தோடதாம். அவங்க தொடக்கூடாதாம்” என்றார் ஹார்லன்.

“மாநிலத்துல?”

“பாலம் எங்களோடதுதான், ஆனா ஆறு எங்களோடது இல்லேன்னாங்க. ஆத்துத் துறைக்காரங்களைக் கேட்டா, எங்களோடது தண்ணி மட்டுந்தான், அதுவும் ஓடிட்டே இருக்குதுன்னாங்க.”

“அப்ப நான் நேரா சட்டமன்றத்துலயே போய்க் கேட்டுட்டு வரேன்.”

“ஆர்லிஸ், அங்க கேக்க வர்றவங்களை எல்லாம் மாடியில உக்காத்தி வச்சு வேடிக்கை காட்டுவாங்க. கீழே போய்ப் பேசணும்னா எலெக்‌ஷன்ல நின்னு ஜெயிக்கணும்.”

“அப்ப ஜெயிச்சுட்டுப் போறேன்.”

“ஆகிற கதையா இது” என்றார் ஹார்லன். பிறகு மற்றவர்களைப் பார்த்து, “என்னை யாராவது நாற்காலியிலேருந்து பிடுங்கி எடுங்க, சிக்கிக்கிட்டேன்” என்றார்.

ஆனால் ஆயிற்று. தொகுதியில் பாதிப் பேர் ஆர்லிஸிடம் நாலாம் வகுப்பு படித்தவர்கள். அவர் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியபோது, ஐம்பது வயது ஆசாமிகள் வாயிலிருந்த சூயிங்கத்தை அவசரமாக விழுங்கினார்கள். எதிர்த்து நின்ற வேட்பாளரும் பழைய மாணவர்தான். மேடை விவாதத்தின் நடுவே அவர் கையைத் தூக்கி, “டீச்சர், வெளியே போகலாமா?” என்றார். போனவர் தேர்தல் முடியும்வரை திரும்பவில்லை.

தலைநகரில் ஆர்லிஸுக்குத் தூணுக்குப் பின்னால் இடம் கொடுத்தார்கள். வலதுபக்கம் சாய்ந்தால் அவைத்தலைவர் தெரிவார். இடதுபக்கம் சாய்ந்தால் கடிகாரம் தெரியும். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் உரிமை மூன்றாவது முறை ஜெயித்தவர்களுக்குத்தான் உண்டு.

முதல் வாரம் அவர் கவனித்த விஷயம், இங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லித் திட்டுவதில்லை என்பது. “என் ஆருயிர் நண்பர்” என்று ஆரம்பித்தால் குத்தப் போகிறார்கள் என்று பொருள். “என் மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய ஆருயிர் நண்பர்” என்றால் குத்திவிட்டுக் கத்தியைத் திருகப் போகிறார்கள். இரண்டாவது வாரம், மாடியில் வந்து அமர்ந்த விருந்தினர்களை அறிமுகம் செய்து கைதட்டினார்கள். மூன்றாவது வாரம், கைதட்டியதற்காக விருந்தினர்கள் அனுப்பிய நன்றிக் கடிதங்களை வாசித்து அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு அலுவல் தொடங்கியது. மாநிலப் பறவை, மாநில மலர், மாநிலக் காளான் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. மாநில ஹாட்டிஷ் மட்டும் இல்லை. இறைச்சியும் காய்கறியும் போட்டு ஒரே தட்டில் வேகவைக்கும் அந்தப் பதார்த்தம் எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கும் உண்டு, சாவுக்கும் உண்டு. கேள்வி என்னவென்றால், அதன் மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்குவதா, நூடுல்ஸைப் பரப்புவதா? வடக்கு உறுப்பினர்கள் உருண்டைக் கட்சி. தெற்கு உறுப்பினர்கள் நூடுல்ஸ் கட்சி. அண்ணன் தம்பிகள் முகம் பார்ப்பதை நிறுத்தினார்கள். ஒரு கிழவர் நூடுல்ஸுக்காக அழுதார். பனி உருகி, புல் முளைத்து, வாத்துகள் திரும்பி வந்துவிட்டன. விவாதம் உருளைக்கிழங்கின் தோலில் நின்றது.

ஆமையாற்றுப் பாலம் மசோதா அலுவல் வரிசையின் கடைசியில் இருந்தது. ஆர்லிஸ் அவைத்தலைவர் வென்டல் ஃபிட்ச்சின் அறைக்குப் போய்க் கேட்டார். வென்டல் வெண்ணெய் தடவிய குரல் உள்ளவர்.

“டீச்சர், நீங்க புதுசு. இந்த அவை ஒரு காரியத்தை அவசரப்பட்டுச் செஞ்சதா சரித்திரத்துல ஒரு களங்கம்கூடக் கிடையாது. உங்க முதல் மசோதாவே அந்தக் களங்கமா இருக்கணுமா?”

“பிள்ளைங்க பஸ்லயே வளர்றாங்க ஐயா.”

“வளரட்டும். வளர்ந்துட்டா பஸ் தேவைப்படாது பாருங்க. பல பிரச்சினைகளை நாங்க இப்படித்தான் தீர்த்திருக்கோம்.”

எங்கள் அரசியல் சாசனத்தில் ஒரு வரி உண்டு. மே மாதம் மீன்பிடி பருவம் திறக்கும் சனிக்கிழமைக்கு முந்தைய வெள்ளி நண்பகலோடு அவை கலைந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு நிறைவேற்றியது எதுவும் செல்லாது. சாசனத்தை எழுதிய பெரியவர்கள் நாட்டைப் பற்றியும் சிந்தித்தார்கள், மறுநாள் விடியலில் தூண்டில் போடுவதைப் பற்றியும் சிந்தித்தார்கள். இரண்டாவதைப் பற்றித்தான் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. நண்பகலுக்குப் பத்து நிமிஷம். வரிசையில் நூறு மசோதாக்கள், முதலில் ஹாட்டிஷ், கடைசியில் பாலம். ஆர்லிஸ் இடதுபக்கம் சாய்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

வென்டல் ஃபிட்ச் தொண்டையைச் செருமினார். அவைக் காவலர் கஸ், ஜன்னல் திறக்கும் நீளக் கொக்கிக் கம்போடு ஏணியில் ஏறி, கடிகாரத்தின் பெரிய முள்ளைக் கொக்கியில் மாட்டிப் பிடித்துக்கொண்டார்.

“என்ன செய்றாரு?” என்று பதறினார் ஆர்லிஸ்.

ஏணி அவர் மேஜையை ஒட்டித்தான் இருந்தது. கஸ் மேலிருந்தபடியே சொன்னார்: “மரபும்மா. முள்ளு நகராத வரைக்கும் மத்தியானம் ஆகாது. என் அப்பாவும் இந்தக் கம்பைத்தான் பிடிச்சாரு. அவருக்குக் கடைசி வரைக்கும் வலது கை இறங்கலே.”

“வெளியே மத்தியானம் ஆயிடுமே!”

“வெளியே ஆகறது அவைக்குறிப்புல ஏறாதும்மா.”

அவை நிம்மதியாக உருளைக்கிழங்குத் தோலுக்குத் திரும்பியது. ஜன்னல்களில் வெயில் சாய்ந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர், மேற்கில் ஏதோ சிவப்பாகத் தெரிகிறதே என்றார். “சூரியன் இந்த அவையின் உறுப்பினர் அல்ல. அதன் நடமாட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது” என்று வென்டல் தீர்ப்பளித்தார். பலத்த கைதட்டல்.

ஆர்லிஸ் உண்மையாகவே குழம்பிப் போனார். வகுப்பில் குழம்பிய பிள்ளை என்ன செய்யுமோ அதைச் செய்தார். கையைத் தூக்கினார்.

“ஐயா, ஒரு சந்தேகம். இங்க வெள்ளிக்கிழமை பதினொண்ணு அம்பது. தாழ்வாரத்துல சாயங்காலம். நான் கழிப்பறைக்குப் போயிட்டு வந்தா எந்த நேரத்துக்குத் திரும்பி வருவேன்?”

 அப்போதுதான் வெளியே போய்விட்டு வந்திருந்த மூவர், தாங்கள் எப்போது இருக்கிறோம் என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றார்கள். விதிகள் குழு கூடித் தாழ்வாரத்தையும் கழிப்பறைகளையும் பதினொன்று ஐம்பதில் சேர்த்தது.

அடுத்து பசி. கட்டடத்துச் சாப்பாட்டுக் கூடம் நண்பகல் பன்னிரண்டுக்குத் திறக்க வேண்டும் என்பது இதே அவை போட்ட விதி. சமையல்காரி கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு அமர்ந்து, “பன்னெண்டு ஆகட்டும், தரேன்” என்றாள். உறுப்பினர்கள் வேறு வழியில்லாமல், சாட்சியமாகக் கொண்டுவந்து அவை மேஜையில் வைத்திருந்த உருண்டை ஹாட்டிஷையும் நூடுல்ஸ் ஹாட்டிஷையும் கட்சி வேறுபாடின்றி வழித்துத் தின்றார்கள். மூன்று மாத விவாதத்தின் ஆதாரம் அத்தோடு செரித்துப் போயிற்று.

ஆர்லிஸ் மறுபடி கையைத் தூக்கினார். “ஐயா, நாம இப்ப போடற சட்டம் வெள்ளிக்கிழமைச் சட்டம். வெளியே சனிக்கிழமை ஆயிட்டா, அங்க இருக்கிற ஒருத்தர் இதை செல்லாதுன்னு கோர்ட்டுக்குப் போக மாட்டாரா?”

வென்டலின் முகத்தில் முதன்முறையாக வெண்ணெய் உறைந்தது. அவைச் சட்ட ஆலோசகர் ஓடிவந்து காதில் ஏதோ சொன்னார். இருட்டுவதற்குள் தீர்மானம் தயார்: இம்மாநிலத்தின் எல்லைக்குள் எங்கும், எல்லாச் சட்டக் காரியங்களுக்கும், இந்த அவை மறுவிதமாகச் சொல்லும்வரை, நேரம் வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொன்று ஐம்பது. ஒருமனதாக நிறைவேறியது. ஆளுநர் கையெழுத்துப் போட்டு, எந்தக் கிழமை என்று எழுதுமுன் ஒருமுறை கேட்டுக்கொண்டார்.

வென்டல் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார்: “நமக்கு முன்னால இருந்த அவைகள் சாலை போட்டாங்க, பள்ளிக்கூடம் கட்டினாங்க. யாருக்கு வேணும் அதெல்லாம்? எதையும் செய்யாமலே காலத்தை நிறுத்திக் காட்டினது நாமதான்!”

இப்படியாக எங்கள் மாநிலத்துக்குச் சனிக்கிழமை விடிந்தது, ஆனால் ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை என்பதால் பள்ளிப் பேருந்துகள் கிளம்பிவிட்டன. பிள்ளைகள் கதறிக்கொண்டே ஏறினார்கள். சனிக்கிழமைக்கு முகூர்த்தம் வைத்திருந்த மணமக்களைப் பாதிரியார்கள் மாதா கோயில் வாசலில் காக்க வைத்தார்கள். பலர் அந்த அவகாசத்தில் ஒருவரையொருவர் நன்றாக விசாரித்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். வெள்ளிதோறும் மீன் வறுவல் போடும் மதுக்கடைகள் மட்டும் அடுப்பை அணைக்காமல் கொழித்தன.

இதெல்லாம் மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் அது மீன்பிடி பருவம் திறக்கும் சனிக்கிழமை. அதற்கு முன்னால் தூண்டில் போட்டால் அபராதம். குளிர்காலம் முழுக்க எங்கள் ஆட்கள் உயிரோடிருப்பதே அந்த ஒரு விடியலுக்காக. ஆயிரக்கணக்கான படகுகள் தண்ணீரில் இறங்கின. தூண்டில் முதல்முறை விழுந்த சத்தம் வடக்கே அடுத்த நாடு வரைக்கும் கேட்டதாம். கூடவே மீன்வளக் காவலர்களின் விசில் சத்தமும்.

ஆமையாற்றில், மூடிய பாலத்துக்கு நேர் கீழே, ஹார்லன் லிண்ட்வால் படகில் இருந்தார். கையளவு, முழத்தளவு என்றெல்லாம் சொல்ல முடியாத ஒரு மீன் மாட்டியிருந்தது. அதை அவர் படகுக்குள் இழுத்தபோது ஆற்றின் மட்டம் சற்று இறங்கிற்று. அந்த நேரம் பார்த்துக் காவலர் டானா ப்ரோக்கா கரையில் வந்து நின்றாள்.

“ஹார்லன் சார், தூண்டிலைக் கீழே வையுங்க. பருவம் திறக்கலே.”

“என்னம்மா சொல்றே? இன்னிக்கு சனிக்கிழமை!”

“இல்லே சார், வெள்ளிக்கிழமை. ரேடியோவுல உத்தரவு வந்திருக்கு.”

“நேத்திக்கு என்ன கிழமை?”

“நேத்தும் வெள்ளிதான் சார்.”

“நாளைக்கு?”

“அது ஆர்லிஸ் டீச்சர் கையில இருக்கு” என்று சொல்லி, அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்து, மீனை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவள் சொன்னது சரிதான். தலைநகரில் அதற்குள் கதை மாறியிருந்தது. தாழ்வாரத்துத் தொலைபேசிகள் எல்லாம் ஒன்றாக அலறின. எந்த உறுப்பினர் எடுத்தாலும் எதிர்முனையில் ஈரமான பூட்ஸோடு ஒரு வாக்காளர். அரைமணி நேரத்தில் உருண்டைக் கட்சியும் நூடுல்ஸ் கட்சியும் கட்டிப்பிடித்து சமாதானமாகி, ஹாட்டிஷைக் கைவிட்டு, வரிசையிலிருந்த மற்ற மசோதாக்களையும் வாசிக்காமலே ஒரே மூச்சில் நிறைவேற்றிவிட்டார்கள். பாலம் மட்டும் பாக்கி.

“புது உறுப்பினரோட மசோதாதானே, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்றார் வென்டல். “கஸ், கொக்கியை எடு. யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?”

ஆர்லிஸ் கையைத் தூக்கினார். பாலம் என்னவாயிற்று என்று கேட்கத்தான் தூக்கினார், வேறொன்றுமில்லை. ஆனால் அவைச் செயலர் பதறி எழுந்தார். “ஆட்சேபணை பதிவாயிற்று. ஒருமனதாக நிறுத்திய முள்ளை ஒருமனதாகத்தான் விட முடியும்.”

அவை மொத்தமும் தூணைச் சுற்றி எட்டிப் பார்த்தது. தூக்கிய கையை ஆர்லிஸ் பார்த்தார். அந்தக் கையை இறக்கினால் மதியம் ஆகிவிடும். மதியம் ஆனால் பாலம் போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று. அவர் கையை இறக்கவில்லை. வலித்தபோது இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஆட்சேபித்தவர் அவையை விட்டு வெளியேறினால் ஆட்சேபணை போய்விடும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். ஆகவே யாராவது ஒருவர் மாற்றி மாற்றி வந்து அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நல்லவேளை, கழிப்பறையும் பதினொன்று ஐம்பதில் சேர்ந்திருந்தது; அங்கே போவது வெளியேறுவதில் சேராது. தான் முன்பு கேட்ட கேள்வியை நினைத்து ஆர்லிஸ் முதன்முறையாகச் சிரித்தார்.

வென்டல் தானே ஏணியடிக்கு இறங்கி வந்தார். “டீச்சர், ஒரு நல்ல ஏற்பாடு. பாலத்துக்கு உங்க பேரை வச்சுடுவோம். இப்பவே, இந்த நிமிஷமே.”

“எந்தப் பாலத்துக்கு?”

“கட்டப்போறதுக்கு.”

“எப்பக் கட்டுவீங்க?”

“பேர் வைக்கறது எங்க வேலை. கட்டறதையும் எங்க தலையில கட்டினா எப்படி? சரி, ஆராய்ச்சிக் குழு போடறேன். நீங்களே தலைவி. ஆத்துல தண்ணி இருக்குதாங்கிறதுலேருந்து ஆரம்பிப்போம்.”

“ஐயா, ஓட்டுக்கு விடுங்க, போதும்.”

“ஓட்டுக்கு விட்டா நிறைவேறிடுமே! கேட்டதும் கொடுத்தா, அடுத்த தடவை எவன் எங்களை வந்து கெஞ்சுவான்? நாங்க எதுக்கு அப்புறம்?” என்று வென்டல் வெடித்தார். சொல்லி முடித்த பிறகுதான் ஒலிபெருக்கி திறந்திருந்தது தெரிந்தது.

ஓலாஃப்டனிலிருந்து தொலைபேசி வந்தது. நீளக் கம்பியை இழுத்துக்கொண்டு வந்து கருவியை ஆர்லிஸின் மேஜையில் வைத்தார்கள். ஹார்லன்தான்.

“ஆர்லிஸ், அந்தப் பொண்ணு என் மீனைத் தூக்கிட்டுப் போயிட்டா! கண்ணுக்கு முன்னால சனிக்கிழமை விடிஞ்சு கிடக்கு, வெள்ளிக்கிழமைங்கிறா!”

“வெள்ளிக்கிழமைதான் ஹார்லன்.”

“நீயும் ஆரம்பிச்சுட்டியா? ஊரே உன்னைத் திட்டுது. எல்லாவனும் படகோட கரையில நிக்கிறான். சர்ச்ல உன் பேரைச் சொன்னா பாதிரியாரே இருமுறாரு.”

“என் கையை இறக்கினா அவங்க மீன் பிடிக்கலாம். மாரிட் பஸ்லயே இருப்பா. இறக்கட்டுமா? நீ குழுத் தலைவர், நீ சொல்லு.”



“இறக்காதே” என்றார் ஹார்லன். “ஆனா ஒண்ணு. நேரம் நின்னுடுச்சுங்கிறதை நான் நம்பினேன்னு நினைச்சுக்காதே. இதுல ஏதோ ஏமாத்து இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது, வெள்ளிக்கிழமையாகவே. கஸ்ஸின் கை மரத்துப்போய், கம்பை நாடாவால் கையோடு கட்டிவிட்டார்கள். அவைக் குருவானவர் வெள்ளி காலையில் தொடங்கிய பிரார்த்தனையை முடிக்க அனுமதி கேட்டு நின்றுகொண்டே தூங்கினார். உறுப்பினர்களுக்குத் தாடி வளர்ந்தது. பத்து நிமிஷத்தில் இவ்வளவு தாடி சட்டப்படி சாத்தியமா என்று ஒருவர் ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினார். திங்கள்கிழமை வெளுத்தபோது, அவைத்தலைவரின் சொந்த மாமனார் அவரைத் தொலைபேசியில் அழைத்தார். என்ன பேசினார் என்பது தெரியாது. வென்டல் திரும்பி வந்து, தொங்கிய முகத்தோடு, “ஆமையாற்றுப் பாலம் மசோதா. ஆதரிப்போர்?” என்றார்.

எல்லாக் கைகளும் எழுந்தன. ஆர்லிஸின் கை ஏற்கெனவே மேலேதான் இருந்தது.

பிறகு அவர் கையை இறக்கினார். கஸ் கொக்கியை விடுவித்தார். மீதியிருந்த பத்து நிமிஷத்தில் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். திங்கள்கிழமை காலை ஒன்பது மணி சுமாருக்கு எங்கள் மாநிலத்தில் வெள்ளிக்கிழமை நண்பகல் அடித்தது. அந்த ஆண்டு சனியும் ஞாயிறும் எங்களுக்கு வழங்கப்படவில்லை. மீன்பிடி பருவத்தைத் திங்கள் மதியமே திறந்துவிட்டுப் போனார்கள். பிடுங்கிய மீன்களும் தந்த சீட்டுகளும் மட்டும் அப்படியே நின்றன.

எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டு அபராதத்தைக் கட்டினார்கள். ஹார்லன் கட்டவில்லை. கோடைகாலத்தில், ஆமையாற்றில் புதுத் தூண்கள் இறங்கத் தொடங்கியிருந்தபோது, கவுண்டி நீதிமன்றப் படி ஏறினார். தேவாலயத்து நாட்காட்டி, பால்காரர், அன்று பிறந்த கன்றுக்குட்டியின் சொந்தக்காரர் என்று சாட்சிகளோடு வந்திருந்தார். ஊரே கூடத்தில் இருந்தது. கோடைக் கூட்டத்தொடர் இல்லாததால் ஆர்லிஸும் கடைசி வரிசையில் இருந்தார்.

நீதிபதி கெர்ஹார்ட் கண்ணாடியைத் துடைத்தார். “உங்க வாதம் என்ன, மிஸ்டர் லிண்ட்வால்?”

“ஐயா, யாரோ கம்பால கடிகாரத்தைப் பிடிச்சா நேரம் நிக்காது. அது சனிக்கிழமை. நான் சனிக்கிழமை மீன் பிடிச்சேன். குற்றமில்லை.”

“நல்ல வாதம்” என்றார் நீதிபதி. “எனக்கே அன்னிக்குச் சீட்டு கிடைச்சுது. நீங்க சொல்றதை ஏத்துக்க ஆசையாத்தான் இருக்கு. அது சனிக்கிழமைன்னு நான் தீர்ப்பெழுதறேன். நீங்க வீட்டுக்குப் போகலாம்.”

கூடத்தில் கைதட்டல். ஹார்லன் திரும்பி ஆர்லிஸைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார். ஆர்லிஸ் சிரிக்கவில்லை.

“ஒரு சின்ன விஷயம்” என்று பேனாவைத் திறந்தபடி சொன்னார் நீதிபதி. “அது சனிக்கிழமைன்னா, அவை வெள்ளி நண்பகலோட கலைஞ்சு போச்சு. அப்புறம் ஓட்டெடுத்தது எதுவும் செல்லாது. கடைசியா ஓட்டெடுத்தது என்ன?”

“ஆமையாத்துப் பாலம்” என்று எழுத்தர் சொன்னார்.

“ஆ. அப்ப அந்த வேலையை நிறுத்தச் சொல்லி நானே உத்தரவு போடணும். போடவா, மிஸ்டர் லிண்ட்வால்? என்ன கிழமைன்னு சத்தியமா ஒருமுறை சொல்லிடுங்க.”

 திறந்திருந்த ஜன்னல் வழியாக, ஆற்றுப் பக்கம் தூண் அடிக்கும் சம்மட்டியின் சத்தம் கேட்டது. ஹார்லன் நாட்காட்டியைப் பார்த்தார். பால்காரரைப் பார்த்தார். மகளின் மடியில் தூங்கிவிட்டிருந்த மாரிட்டை வெகுநேரம் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார்; அங்கே வாளியோடு யாரும் இல்லை. நாட்காட்டியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார்.

“வெள்ளிக்கிழமை ஐயா” என்றார் ஹார்லன் லிண்ட்வால். “நான் படகுல இருந்தேன், என் கண்ணால பார்த்தேன். மூணு நாளும் வெள்ளிக்கிழமைதான்.”